குனிந்து பார்க்கும் வேலை

கிடினியா துறைமுகத்தில் என் கிரேனின் எண் ஏழு.
உயரம் நாற்பது மீட்டர்.
மின்தூக்கி உண்டு; அது படுத்துக்கொண்டால்
இருநூற்றுப் பன்னிரண்டு படிகள்.
மேலே ஒரு கண்ணாடி அறை,
காலடியிலும் கண்ணாடி.
வேலை என்னவென்றால் குனிந்து பார்ப்பது.
நாளெல்லாம் குனிந்து பார்ப்பது.

பாக்கி விடுப்பை இரெனேவுஷ் எடுத்துக்கொண்டான்.
திமோனுக்கு ஐந்து மாதம், அப்பாவோடு வீட்டில்.
பால் மட்டும் என்னோடு வேலைக்கு வந்துவிட்டது.

பாலூட்டுகிறவளுக்கு இரண்டு அரைமணி நேரம்,
சட்டம் கொடுத்திருக்கிறது.
சட்டம் எழுதியவர் படி ஏறியதில்லை.
இறங்கி ஏறுவதற்குள் அரைமணி கரைந்துபோகும்,
ஆகவே மேலேயே,
ஒரு கப்பல் போய் அடுத்தது வரும் இடைவெளியில்.

முதலில் கைப்பம்பு.
கேன்டீன் வியோலெட்டா இரவல் தந்தாள்.
காசில்லை, சத்தமில்லை,
நான்காம் நாள் மணிக்கட்டு
என்னுடையதாக இல்லை.
நெம்புகோலைப் பிடிக்கிற மணிக்கட்டு அது.

பிறகு வாடகைக்கு ஒரு பெரிய இயந்திரம்.
நன்றாக இழுத்தது, பசுமாட்டுப் பண்ணை போல உறுமியது.
வாக்கிடாக்கியின் பொத்தானில் என் முழங்கை இருந்ததை
நான் அறியவில்லை.
கீழேயிருந்து கெர்வாஸி கேட்டான், துறைமுகமே கேட்க:
"ஏழாம் எண்ணில் யார் கன்றுக்குட்டி வளர்ப்பது?"

மூன்றாவது, எல்லோரும் புகழ்ந்தது.
உள்ளாடைக்குள் ஒளிந்துகொள்ளும் இரண்டு கிண்ணங்கள்.
வயர் இல்லை. குழாய் இல்லை.
நான்கு நாள் சம்பளம்.
அட்டைப் பெட்டியில் சிரித்த பெண்
நிமிர்ந்து நின்றிருந்தாள்.
அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, வடக்குக் காற்று.
இடைவெளி என்று நினைத்தேன்,
கடைசிப் பெட்டி ஒன்று மீதம் என்றார்கள்.
முப்பத்தொரு டன் காற்றில் ஊசலாட
அதன் நான்கு மூலைகளைத் தேடிக் குனிந்தேன்.
சூடாக ஏதோ வயிற்றில் இறங்கியது.
கையை எடுக்க முடியாது.
நூற்றுப் பத்து மில்லி
தொப்புளைத் தாண்டி, இடுப்புப் பட்டையைத் தாண்டி,
கண்ணாடித் தரையில் ஒரு வெள்ளைச் சொட்டாக விழுந்து
சரியாக அந்த நாலாவது மூலையை மறைத்தது.
செருப்பால் துடைத்தேன்.
பெட்டி அமர்ந்து பூட்டு விழுந்த ஓசை கேட்டபின்
அழுதேன் என்று எழுதலாம்.
அழவில்லை.
கெட்ட வார்த்தைகளில் எனக்குத் தெரிந்தது அனைத்தும்,
பொத்தானிலிருந்து முழங்கையை எடுத்துவிட்டு.

மருந்துக்கடை பாவ்லினாதான் அளந்து பார்த்தாள்.
புனல் இருபத்துநான்கு போட்டிருந்தேன், எனக்குப் பதினேழு.
புண் அதனால்தான், குறைந்த பால் அதனால்தான்.
நாற்பதடிக் கண்டெய்னரை
விரல் அகலம் பிசகாமல் இறக்குகிறவள்
தன் உடம்பை மட்டும் குத்துமதிப்பாக விட்டிருக்கிறேன்.

இப்போது இருப்பது அழகில்லாத ஒன்று.
இடுப்பில் செருகிய மோட்டார், சோப்புக்கட்டி அளவு,
இரண்டு குழாய்கள்,
கீழ்நோக்கித் தொங்கும் நிஜமான பாட்டில்கள்.
ஒளியாது. சட்டை உப்பும்.
குனிந்தால் சிந்தாது.
பேட்டரி நாலு தடவைக்கு வரும்,
பனிக்காலத்தில் மூன்று.

பிள்ளையின் படத்தைப் பார், பால் சுரக்கும் என்றார்கள்.
பார்த்தேன். படத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.
எதுவும் நடக்கவில்லை.
அப்புறம் மால்டா கொடியோடு ஒரு கப்பல்
துறைக்குள் நுழைந்தபடி நீளமாக ஊதியது.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்.
ஏன் என்று எனக்குத் தெரியாது.
அது கதறலாகக்கூட இல்லை; வெறும் கப்பல்.

சுமை காட்டும் திரையில் பூஜ்ஜியம்.
குளிர்ப்பையில் இருநூற்று முப்பது மில்லி.

இன்று மின்தூக்கி மறுபடியும் படுத்துவிட்டது.
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை,
குலுக்காமல் இறங்கி வந்தேன்.
வாசலில் கெர்வாஸி.
"கன்றுக்குட்டி சௌக்கியமா?"

"பல் முளைக்கிறது" என்றேன்.